காற்று மாசும் வானிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்று மாசு என்றதும் பேச்சு புகை விடுபவர்கள் பக்கம் போய்விடுகிறது. போகட்டும், அது தேவைதான். ஆனால் அந்தப் புகை வெளியே வந்த பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பது அதே அளவு முக்கியம். அதைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வண்டிகளும் ஆலைகளும் தினமும் ஏறக்குறைய ஒரே அளவு புகையைத்தான் விடுகின்றன. அப்புறம் எப்படிக் காற்று ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் மோசமாகவும் இருக்கிறது?

கொஞ்சம் புகையைப் பெரிய மண்டபத்தில் விட்டால் யாருக்கும் தெரியாது. அதே புகையைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு விட்டால் மூச்சு முட்டும். வானிலை செய்வது இதுதான்: நாம் இருக்கும் அறையின் அளவை தினமும், ஏன், மணிக்கு மணி மாற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்த அறைக்குக் கூரை உண்டு. தரையிலிருந்து எவ்வளவு உயரம்வரை காற்று கலந்து புரள்கிறதோ அதுதான் கூரை. அதற்குக் 'கலப்பு அடுக்கு' என்று பெயர். ஜன்னல் என்பது காற்று வீசும் வேகம். இரண்டையும் பெருக்கினால் வரும் எண்ணை வைத்து வானிலையாளர்கள் அன்றைய காற்றோட்டத்தை மதிப்பிடுகிறார்கள். கூரை 1500 மீட்டர், காற்று விநாடிக்கு 5 மீட்டர் என்றால் பெருக்கல் 7500. இரவில் கூரை 150 மீட்டருக்கு இறங்கி, காற்றும் விநாடிக்கு 1 மீட்டராகத் தளர்ந்தால் வெறும் 150. ஐம்பது மடங்கு வித்தியாசம்! ஒரு வண்டிகூடக் கூடவில்லை, ஒரு ஆலைகூடப் புதிதாகத் திறக்கவில்லை.

அந்தக் கூரை ஏன் ஏறி இறங்குகிறது?

வெயில் காற்றை நேரடியாக அவ்வளவாகச் சூடாக்குவதில்லை. தரையைச் சூடாக்குகிறது, தரை தன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று லேசாகி மேலே கிளம்புகிறது, குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு இறங்குகிறது. பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டபடியே உயரப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏறிப்போவது இந்தச் சூடான காற்றின் மேல்தான். நல்ல வெயிலடிக்கும் நாளில் பிற்பகலுக்குள் இந்தப் புரளல் ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டுவிடும். பாலைவனக் கோடையில் இன்னும் மேலே போகும்.

சூரியன் மறைந்ததும் தரை வேகமாகக் குளிர்கிறது. அடுப்பை அணைத்த மாதிரி, புரளல் நின்றுவிடும். கூரை ஒன்றிரண்டு நூறு மீட்டருக்குச் சரியும். இதில் ஒரு வில்லங்கம்: வேலை முடிந்து எல்லாரும் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் நேரமும் அதுவேதான். பிற்பகல் இரண்டு மணிக்கு விடும் புகையும் இரவு எட்டு மணிக்கு விடும் புகையும் எடையில் ஒன்றாக இருக்கலாம், மூக்குக்கு ஒன்றல்ல.

'வெப்பத் தலைகீழ் மாற்றம்' என்று செய்திகளில் வருகிறதே, அது என்ன?

வழக்கமாக மேலே போகப் போகக் குளிரும். சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சில வேளைகளில் இது தலைகீழாகிவிடும். கீழே குளிர்ந்த காற்று, அதன் தலைக்கு மேல் சூடான காற்று.

இது ஏன் ஆபத்து என்று புரிய ஒரு கணக்குப் போதும். தரையிலிருந்து மேலே கிளம்பும் உலர்ந்த காற்று, அழுத்தம் குறையக் குறைய விரிந்து, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 9.8 டிகிரி குளிரும். சுற்றியுள்ள காற்றைவிட அது சூடாக இருக்கும்வரைதான் ஏறும். மேலே ஏற்கெனவே சூடான காற்று மூடியாக உட்கார்ந்திருந்தால், ஏறி வரும் காற்று அங்கே போனதும் சுற்றத்தைவிடக் குளிர்ந்ததாக, கனத்ததாக ஆகிவிடும். வந்த வழியே திரும்பி இறங்க வேண்டியதுதான். புகையும் அதோடு இறங்கும்.

மூடி பல விதத்தில் வருகிறது. மேகமில்லாத, காற்றசைவில்லாத நீண்ட இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிரும்போது வருவது ஒன்று. காலை வெயில் ஏற ஏற இது கலைந்துவிடும். உயர் அழுத்தப் பகுதியில் மேலிருந்து காற்று மெல்ல அமிழ்ந்து, அமுங்கிச் சூடாகி, ஊருக்கு மேல் பாய் விரித்தாற்போல் கிடப்பது இன்னொன்று. இது எளிதில் போகாது, நாள்கணக்கில் கிடக்கும். மூன்றாவது, பள்ளத்தாக்குகளில் நடப்பது: மலைச்சரிவில் குளிர்ந்த காற்று தண்ணீரைப்போல வழிந்து அடிவாரத்தில் தேங்கிவிடும்.

பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குத்தான் அதிக ஆபத்தா?

காற்று மாசின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது பள்ளத்தாக்குகள்தான். பெல்ஜியத்தின் மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1930 டிசம்பரில் சில நாட்களுக்குள் அறுபது பேர் அளவில் இறந்தார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டோனோரா என்ற சிறு நகரம், 1948 அக்டோபர்: துத்தநாக ஆலை, உருக்கு ஆலை, ஆற்றின் இரு கரையிலும் குன்றுகள், மேலே மூடி. 20 பேர் இறந்தார்கள், சுமார் 14,000 மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. இரண்டு இடங்களிலும் ஆலைகள் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தவை. அந்த வாரத்தில் மாறியது வானிலைதான்.

அப்படியானால் பழி வானிலைமேல்தானே?

இல்லை. இந்த வாதத்தைப் பல இடங்களில் கேட்டாயிற்று, எனக்கு இதில் உடன்பாடில்லை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உயர் அழுத்தம், அசையாத காற்று, தலைக்கு மேல் மூடி எல்லாம் இருந்தன. குளிர் கடுமையாக இருந்ததால் வீடுகளில் நிலக்கரியை இன்னும் அதிகமாக எரித்தார்கள். பனித்துளிகளுக்குள் கந்தக டைஆக்சைடு கரைந்து அமிலமானது. தெருவில் நடப்பவருக்குத் தன் பாதம் தெரியவில்லை என்று சொல்லும் அளவுக்கு இருட்டு. அப்போது போட்ட கணக்கில் சுமார் 4,000 மரணங்கள். பின்னாளில் மறுபடி கணக்கிட்டவர்கள் 12,000 வரை சொல்கிறார்கள்.

1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரி அடுப்புகள் படிப்படியாகப் போயின. அதற்குப் பிறகும் லண்டனில் உயர் அழுத்தம் வருகிறது, மூடி விழுகிறது, பனி மூடுகிறது. 1952 திரும்பவில்லை. எந்த நாள் மோசமாகும் என்பதை வானிலை தீர்மானிக்கலாம். எவ்வளவு மோசமாகும் என்பது எரிக்கிறவர்கள் கையில் இருக்கிறது.

குளிர்காலத்தில் மட்டும் ஏன் இவ்வளவு மோசம்?

பகல் குறுகல், வெயில் சாய்வு. அதனால் கூரை பகலிலும் சரியாக உயர்வதில்லை. இரவு நீளம், மூடி கெட்டியாக விழுகிறது. குளிர்காய எரிப்பதும் கூடுகிறது. டெல்லி இதற்குக் கண்கூடான உதாரணம். பருவமழைக் காலத்தில் அங்கே காற்று ஓரளவு நன்றாகவே இருக்கும். மழை விடைபெற்றதும் அக்டோபர், நவம்பரில் காற்று தளர்ந்து வடமேற்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. பஞ்சாப், ஹரியானாவில் அறுவடை முடிந்து வைக்கோல் எரிப்பதும் அதே வாரங்களில். ஊரின் சொந்தப் புகை ஏற்கெனவே இருக்கிறது. கூரை தாழ்ந்த நேரத்தில் இத்தனையும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

வெயில் நன்றாக அடித்தால் கவலையில்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

துகளைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை. ஓசோனைப் பொறுத்தவரை நேர்மாறு. ஓசோனை யாரும் புகைக்குழாய் வழியே விடுவதில்லை. வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டைஆக்சைடை வெயில் உடைக்கிறது, பிரிந்த ஆக்சிஜன் அணு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. பெட்ரோல் ஆவி, பெயின்ட் ஆவி போன்றவை இந்தச் சமையலை இன்னும் வேகப்படுத்துகின்றன. வானத்தில் வெகு உயரத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன்தான், மூக்கருகே வந்தால் நுரையீரலை அரிக்கும்.

1943-இல் லாஸ் ஏஞ்சலஸில் கண் எரிச்சலோடு ஒரு மூட்டம் இறங்கியபோது, போர்க்காலம் என்பதால் எதிரிகளின் நச்சுவாயுத் தாக்குதலோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் ஏரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர்தான் இது வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை என்று காட்டினார். அந்த ஊருக்கு மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், மேலே அமிழும் காற்றின் மூடி. வெயிலுக்கோ பஞ்சமில்லை.

ஒரு விசித்திரமும் உண்டு. நெரிசலான சாலையைவிட, நகரத்துக்கு வெளியே காற்று போகும் திசையில் இருக்கும் பசுமையான பகுதியில் ஓசோன் அதிகமாக இருக்கலாம். புதிதாக வரும் வண்டிப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடும். மரங்களுக்கு நடுவே அப்படித் தின்ன ஆளில்லை.

பலமான காற்று வீசினால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும்தானே?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் 'போய்விடும்' என்றால் எங்கே? அடுத்தவர் தலைமேல். கனடாவில் எரிந்த காடுகளின் புகை 2023 ஜூனில் நியூயார்க் வானத்தை ஆரஞ்சு நிறமாக்கியது. சஹாராவின் புழுதி அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியத் தீவுகள்வரை ஆண்டுதோறும் போகிறது. வறண்ட நிலத்தில் காற்று ஓர் அளவுக்குமேல் வேகமெடுத்தால் தானே புழுதியைக் கிளப்பவும் செய்யும். அன்றைக்கு மாசு கூடும், குறையாது.

கடற்கரை ஊர்களில் இன்னொரு சங்கதி. இரவில் நிலக்காற்று புகையைக் கடலுக்குத் தள்ளும், மறுநாள் கடற்காற்று அதையே திருப்பிக் கொண்டுவரும். தள்ளிவிட்ட குப்பை அலையில் திரும்பி வருகிற மாதிரி.

மழை பெய்தால் காற்று கழுவப்படுகிறது என்பது உண்மையா?

பாதி உண்மை. பெரிய புழுதித் துகள்களை மழை நன்றாகவே வீழ்த்தும். சுமார் 0.1 முதல் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள நுண்துகள்களிடம்தான் அது தோற்கிறது. துளி விழும்போது முன்னால் உள்ள காற்றை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது, இத்தனை சிறிய துகள் அந்தக் காற்றோடு சேர்ந்து நைசாக விலகிவிடுகிறது. நம்மை அதிகம் வாட்டும் துகள்களில் பெரும்பகுதி இந்த அளவில்தான் இருக்கிறது என்பது நம் துரதிர்ஷ்டம். மேகத்துக்குள்ளே நடப்பது வேறு. அங்கே துகளைச் சுற்றித்தான் துளியே உருவாகிறது, அது மழையாக விழும்போது துகளும் வந்துவிடும்.

மழைக்குப் பிறகு வானம் பளிச்சென்று தெரிவதில் மழையோடு வந்த புதிய காற்றுக்கும் பெரும் பங்கு உண்டு. சிறு தூறலை நம்பாதீர்கள். தூறல் நின்று, வானம் வெளுத்து, தரை ஈரமாக, காற்று அசையாமல் இரவு வந்தால் மறுநாள் காலை முந்தைய நாளைவிட மோசமாகக்கூட இருக்கலாம்.

காலையில் வெளியே தெரிவது பனியா, புகையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈரப்பதத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 100 சதவீதத்தைத் தொட்டு, பார்வை ஒரு கிலோமீட்டருக்குள் சுருங்கினால் அது மூடுபனி. ஈரப்பதம் 50, 60 சதவீதம் இருக்கும்போதே தூரத்துக் கட்டடம் மங்கினால் அது புகையோ புழுதியோதான்.

நடைமுறையில் இரண்டும் கலந்தே இருக்கும். சல்பேட், நைட்ரேட் துகள்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போகும். ஊதிய துகள் ஒளியை அதிகம் சிதறடிக்கும். அதனால் மாசின் எடை மாறாமலே காட்சி மட்டும் இன்னும் மங்கும். விலை மலிவான அளவிகள் பல ஒளிச் சிதறலை வைத்தே கணக்கிடுகின்றன. ஈரமான காலையில் அவை காட்டும் எண் மெய்யைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு.

புகைபோக்கியை நன்றாக உயர்த்திக் கட்டிவிட்டால் பிரச்சினை தீராதா?

பக்கத்து வீட்டுக்குத் தீரும். மூடிக்கு மேலே புகையை விட முடிந்தால் கீழே வராது, சரி. கனடாவின் சட்பரியில் 1972-இல் 381 மீட்டர் உயரத்தில் ஒரு புகைபோக்கியே எழுப்பினார்கள். சுற்றுப்புறக் காற்று மேம்பட்டது, கந்தகமோ இன்னும் தொலைவுக்குப் பரவியது. பிரிட்டனும் நடு ஐரோப்பாவும் உயரத்தில் விட்ட கந்தகம் ஸ்காண்டிநேவிய ஏரிகளில் அமில மழையாக இறங்கி மீன்களை அழித்தது. எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய 1979 ஜெனீவா ஒப்பந்தத்துக்கு இந்தச் சண்டைதான் விதை.

இன்னொரு சிக்கல் காலையில் வரும். இரவெல்லாம் உயரத்தில் மெல்லிய பட்டையாகத் தேங்கிய புகையை, வெயில் ஏறிப் புரளல் தொடங்கும்போது அந்தப் புரளலே பிடித்துக் கீழே இழுத்துவிடும். அரை மணி, ஒரு மணி நேரம் தரையில் திடீரென்று அளவு எகிறும்.

2020 ஊரடங்கில் வண்டிகளே ஓடவில்லை. அப்போது எல்லா ஊரிலும் காற்று சுத்தமானதா?

பல ஊர்களில் ஆனது. நைட்ரஜன் டைஆக்சைடு குறைந்ததைச் செயற்கைக்கோள்களே காட்டின. பெய்ஜிங்கும் சுற்றுவட்டாரமும் மட்டும் அந்தப் பிப்ரவரியில் கடுமையான புகைமூட்டத்தைச் சந்தித்தன. காற்று அசையவில்லை, ஈரம் அதிகம், கனரகத் தொழில்கள் முழுதாக நிற்கவில்லை. நைட்ரஜன் ஆக்சைடு குறைந்ததால் ஓசோன் கூடி, அது வேறு வாயுக்களைத் துகளாக மாற்றுவதை வேகப்படுத்தியது. வாயுவாக வெளியே வந்து காற்றிலேயே துகளாகிற மாசும் உண்டு என்பதை அந்த வாரங்கள் நன்றாகக் காட்டின.

மாசு திரும்ப வானிலையை மாற்றுமா?

மாற்றும். கரித்துகள் நிறைந்த காற்று வெயிலைத் தடுத்துத் தரையைக் குளிர்விக்கிறது, மேலே இருக்கும் கரியோ வெயிலை உறிஞ்சிச் சூடாகிறது. கீழே குளிர், மேலே சூடு: மாசு தனக்குத் தானே மூடி போட்டுக்கொள்கிறது. கூரை இன்னும் தாழும், அடர்த்தி இன்னும் ஏறும்.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினட்டூபோ எரிமலை. கீழ் வளிமண்டலத்தில் துகள்கள் ஒரு வாரம் போல மிதந்தால் அதிகம். அது விட்ட கந்தகமோ மழை எட்டாத உயரத்துக்குப் போய் ஒன்றிரண்டு ஆண்டுகள் அங்கேயே தங்கி, உலகச் சராசரி வெப்பநிலையைச் சுமார் அரை டிகிரி குறைத்தது.

ஒரே ஊர், ஒரே நேரம். காற்றின் தரத்துக்கு ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு குறியீட்டு எண் காட்டுகிறதே?

அளவுகோல்கள் வேறு. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் இந்தியக் குறியீட்டில் 100 வரும், 'திருப்தி' என்ற வகைக்குள் அடங்கிவிடும். அமெரிக்கக் கணக்கில் அது 150-ஐத் தாண்டி 'உடல்நலத்துக்குக் கேடு' ஆகும். உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டுதல் 24 மணி நேரத்துக்கு 15, ஆண்டுச் சராசரிக்கு 5 மைக்ரோகிராம் என்கிறது. தவிர, ஒரு செயலி கடந்த 24 மணி நேரச் சராசரியையும் இன்னொன்று கடந்த ஒரு மணி நேரத்தையும் காட்டலாம். குறியீட்டை விட்டுவிட்டு மைக்ரோகிராம் அளவைப் பார்ப்பதே என் வழக்கம்.

நடைப்பயிற்சிக்கு எந்த நேரம் நல்லது?

விடியற்காலைக் காற்றுதான் தூய்மையானது என்ற நம்பிக்கை குளிர்காலத்துக்குப் பொருந்தாது. அப்போதுதான் மூடி மிகக் கெட்டியாக இருக்கும், முந்தைய இரவின் புகையும் போகாமல் கிடக்கும். குளிர்காலத்தில் பிற்பகல் மேல். கொதிக்கும் கோடையில் பிற்பகல் ஓசோனின் நேரம், அப்போது காலையே மேல். ஜன்னல் திறப்பதற்கும் இதே கணக்குதான். என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், ஓசோன் போன்ற வாயுக்களைத் தடுக்காது.

காற்றைச் சுத்திகரிக்கும் ராட்சதக் கோபுரங்கள் உதவுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம் உள்ள நகரம், கூரை 500 மீட்டர். மொத்தம் 450 கன கிலோமீட்டர் காற்று. விநாடிக்கு 1,000 கன மீட்டர் வடிகட்டும் ஒரு கோபுரம் இதை ஒருமுறை வடிகட்டி முடிக்க 14 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் காற்று எத்தனை ஆயிரம் முறை மாறியிருக்கும், எத்தனை டன் புதுப்புகை சேர்ந்திருக்கும்! கோபுரத்தின் அடியில் நிற்பவருக்கு வேண்டுமானால் லாபம். செயற்கை மழைக்கும் ஒரு சங்கடம் உண்டு. அதற்கு ஏற்ற மேகம் முதலில் வேண்டும், மாசு தேங்கும் நாட்களின் வானம் பெரும்பாலும் மேகமற்றது.

நாளை காற்று கெடுமா என்று நானே ஊகிக்க முடியுமா?

ஓரளவு முடியும். உயர் அழுத்தம், தளர்ந்த காற்று, மேகமில்லாத இரவு, பகலுக்கும் இரவுக்கும் பெரிய வெப்பநிலை வித்தியாசம்: இந்த நான்கும் முன்னறிவிப்பில் சேர்ந்து வந்தால் உஷார்.

எந்தக் கருவியும் இல்லாமல் பார்க்கவும் வழி உண்டு. தொலைவில் ஏதாவது புகை எழுந்தால் அதன் உருவத்தைக் கவனியுங்கள். மேலும் கீழும் வளைந்து நெளிந்து போனால் காற்று நன்றாகப் புரள்கிறது. கூம்பாக விரிந்து போனால் நடுத்தரம். கொஞ்ச தூரம் நேராக ஏறி, எதிலோ முட்டியதுபோல் நின்று, பக்கவாட்டில் தட்டையாகப் படர்ந்தால், அது முட்டிய இடம்தான் அன்றைய கூரை.